ஆலா முட்டைக்கு வைத்த ஓலை

ஆலாப் பறவை முட்டையிட்டிருந்த மணல் திட்டுக்கு முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தேன். செருப்பின் வார் அறுந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சூடு தாங்காத இடத்தில் ஓடினேன்.

நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. பறவைக் கணக்கெடுப்புக்கு நடக்க ஆள் வேண்டும் என்றார்கள். நடப்பது எனக்குத் தெரிந்த வேலை. செங்கல்பட்டிலிருந்து கடல்வரை, வறண்ட பாலாற்றின் நடுவே போய் ஆற்று ஆலாவைத் தேட வேண்டும். கறுப்புத் தலை, மஞ்சள் அலகு. வெறும் மணலில் முட்டையிடும். ஆற்றில் அங்கங்கே குட்டைகள்தான் மிச்சம், ஆலாவும் அருகிப்போயிருந்தது. கோடை முழுக்க நடந்தும் முட்டையோடு நான் கண்டது ஒரே ஒரு ஜோடி. குஞ்சு பொரித்தால், அவை பறக்கும்வரை அந்தத் திட்டில் லாரி, டிராக்டர் எதுவும் இறங்காமல் தடுக்கலாம் என்று என்னை அனுப்பிய சார் சொல்லியிருந்தார்.

அன்று காலை போனபோது முட்டைகளுக்கு மேல், நான்கு குச்சிகளில் பனை ஓலை ஒன்று கூரைபோல் நின்றது. ஆலாக்கள் கத்திக்கொண்டே மேலே சுற்றின. இறங்கவில்லை.

பக்கத்து மணலில் தர்பூசணி போட்டிருந்த அக்காவிடம் போனேன்.

"யாருக்கா ஓலை வெச்சது?"

"நாந்தான், நேத்து. இன்னா வெயிலு பாத்தியா? முட்டை வெந்துடாது? நீயும் பைனாகுலர மாட்டிகினு சுத்துற, ஒனக்கு இது தோணிச்சா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அது வயித்த தண்ணில நனைச்சிகினு வந்து முட்டை மேல குந்தும்க்கா. அதான் அதுக்கு நெழலு. இப்ப ஓலையப் பாத்து பயந்துகினு கீது."

சிரிப்பு நின்றது. ஓடிப்போய் ஓலையைப் பிடுங்கி எறிந்தாள். இருவரும் தள்ளிப்போய், அவள் காவலுக்குப் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்து பார்த்தோம். உச்சிவெயில்வரை எதுவும் இறங்கவில்லை. பிறகு இரண்டும் முகத்துவாரத்தின் பக்கம் பறந்து போயின. முட்டையை எடுத்துப் பார்த்தேன். கை சுட்டது. லேசாக ஆட்டினால் உள்ளே தளும்பியது.

"நானே கூரை போட்டுகினுதான் குந்திகினு கீறேன். நெழலு வெச்சா தப்பாய்யா?" என்றாள்.

சாருக்கு போன் செய்து, முட்டை கெட்டுப்போனதைச் சொன்னேன். "சரி, இல்லைன்னு எழுதிக்கறேன். நாளையிலேர்ந்து நீ நடக்க வேணாம்பா" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து அவள் கத்தினாள்: "எங்க போற? நாளைக்குப் பழம் ஏத்தணும், ஆளு இல்ல. வர்றியா?" திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

சதுரங்கப்பட்டினத்தில் பஸ் நிழற்குடையில் படுத்தேன். வேறு யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டிருக்கவில்லை. விடிந்ததும் அதே ஆற்றுக்குத் திரும்பி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தர்பூசணி ஏற்றினேன். டிராக்டர் கரையிலிருந்து நேராக அந்தத் திட்டின்மேல் ஏறி வந்து நின்றது. சுற்றி வரச் சொல்ல எங்கள் இருவருக்கும் காரணம் இருக்கவில்லை.