ஜூடித்தின் நாலு கம்பி

ஜூடித் பிறந்து முதல் அழுகை அழுதபோது, மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஃபேக்டரிச் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அன்றைக்கு அரை நாள் கொழுந்து குறைந்தது. யார் மீது நடவடிக்கை எடுப்பதென்று தெரியாமல் எஸ்டேட் மேனேஜர் தலையைப் பிய்த்துக்கொண்டார். நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அவள் குரலின் கனத்தைப் பற்றிக் குன்னூர்ப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கிணற்றுக்குள் நின்று யாரோ பேசுவது போலிருக்கும்.

குரல் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா ஜெஃப்ரி தேயிலை ஃபேக்டரியில் அடுப்புப் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் பாடியவர். மற்றவர்கள் ராகத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போகும்போது, கீழே நின்று அதைத் தாங்கிக்கொள்கிற வேலை அது. ஆண்களுக்கு மட்டுமே உரிய வரிசை. ஆண்டவர் அந்தக் குரலைப் பெண்ணுக்குக் கொடுத்தது கைதவறி நடந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

பள்ளியில் பாடகர் குழுவுக்குப் போனபோது பாட்டு டீச்சர் ஒரு வரி கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முகம் லட்சணமா இருக்குது. முன் வரிசையிலயே நில்லு கண்ணு. வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்" என்றார். பள்ளி முடியும்வரை ஜூடித் முன் வரிசையில் நின்று வாயை அசைத்தாள். அந்தக் குழு கோப்பைகூட வாங்கியது. விழா முடிந்து வந்தபோது, "உன்ற பாட்டுத்தான் எல்லாத்தையும் விட நல்லாருந்துச்சு" என்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பாராட்டு ஜூடித்தின் தொண்டைக்குள் மீன்முள் மாதிரி தங்கிவிட்டது.

கல்யாணம் கூடிவராததற்கும் குரலையே காரணம் சொன்னவர்கள் உண்டு. கோத்தகிரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தார்கள். ஜூடித்தான் எடுத்தாள். "ஏனுங்க அண்ணா, பொண்ணு எப்படிங்க, அடக்கமான பொண்ணுங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா விசாரித்தாள். "ரொம்ப அடக்கமுங்க" என்றாள் ஜூடித், அண்ணனாகவே. நேரில் வந்த அன்றைக்கு அவள் வாயைத் திறந்ததும் அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ் பிடித்தார்கள்.

அப்புறம் அப்பா போனார், அம்மா போனாள். ஃபேக்டரி ஆபீசில் கொழுந்து எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையில் ஜூடித்துக்கு ஐம்பது வயது தாண்டியது. கோயிலில் கடைசிக்கு முந்திய பெஞ்சில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் பாடகர் குழுவில் பேஸ் கிடார் வாசித்த பையன் தன் கிடாரையும் எடுத்துக்கொண்டு கனடாவுக்குப் போனான். குழுத் தலைவன் பிராங்ளின், முப்பது வயதுக்காரன், கீபோர்டு வாசிப்பவன், ஆராதனை முடிந்ததும் மைக்கில் ஆள் கேட்டான். ஜூடித் எழுந்து அவனிடம் போனாள்.

"பாடறதுக்குங்களா ஆன்ட்டி?" என்று பயந்துபோய்க் கேட்டான் பிராங்ளின்.

"இல்ல. பேஸ் கிடாருக்கு."

"வாசிக்கத் தெரியுங்களா?"

"தெரியாது. கத்துக்கறேன்."

"கிடார் இருக்குதுங்களா?"

"வாங்கிக்கறேன்."

கடைசிப் பதிலைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. "அஞ்சு கம்பி வாங்குங்க ஆன்ட்டி. பெருசா, கறுப்பா. ஸ்டேஜுல எடுப்பா இருக்கும்."

கோயம்புத்தூர்க் கடைக்குத் துணையாக வந்தவள் ஆபீசில் கூட வேலை பார்க்கும் வேலாமணி. கடைக்காரர் ஐந்து கம்பிக் கிடாரை எடுத்து ஜூடித்தின் தோளில் மாட்டினார். வேலாமணி ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"ஏனுங்க்கா, நீங்க கிடாரை மாட்டியிருக்கறீங்களா, கிடார் உங்களை மாட்டியிருக்குதா?"

"பேசாம இருடி."

"என்ற மாமியாரைத் தோள்ல தூக்கிட்டு நிக்கற மாதிரியே இருக்குதுங்க்கா. இதைத் தூக்கிட்டு மலையேறிச் சர்ச்சுக்குப் போயி, அப்புறம் வாசிக்க வேற வேணுமா?"

வேலாமணி சொன்னதில் விஷயம் இருந்தது. ஜூடித்தின் குரல்தான் பெரிது; கை சின்னது. கிடார்க் கழுத்தில் தலைப்பக்கத்து முதல் கட்டத்தை எட்டிப் பிடித்தால் தோள் இழுத்தது, சுண்டுவிரல் நான்காவது கட்டத்துக்கு வர மறுத்தது. இன்னொரு கிடாரின் கழுத்து அவள் கையை எடுத்தவுடன் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. அவளோ சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குகிறவள் மாதிரி விடவில்லை. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்தாள், நின்று பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு அடிக்கம்பியை மட்டும் தட்டிக் கேட்டாள். கடைசியில் மூலையில் தூசியோடு கிடந்தது ஒன்று. நாலு கம்பி, குட்டைக் கழுத்து, பழுத்த தக்காளி நிறம்.

"இதுல அடிக்கம்பி கொஞ்சம் தொளதொளன்னு இருக்குமுங்க" என்றார் கடைக்காரர். "தடிச்ச கம்பியா மாத்திக் குடுத்தர்றேன், சரியாயிரும்."

மாற்றிக் கொடுத்ததும் தட்டினாள். காலையில் ஃபேக்டரிக்குக் கிளம்புமுன் அப்பா தொண்டையைச் செருமுகிற சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது. அவ்வளவுதான், பேச்சே இல்லை.

பிராங்ளின் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க ஆன்ட்டி, குழந்தைங்க கிடாரா?" என்றான்.

"என்ற கைக்கு இதுதான் எட்டுது."

"எட்டுது சரிங்க. எடுப்பா இல்லீங்களே."

ஒரு வருஷம் படித்தாள். போனில் வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பாட்டில் மற்ற எல்லாவற்றையும் காதிலிருந்து விலக்கி, அடியில் ஓடுவதை மட்டும் பிடித்துப் பழகினாள். விரல் நுனிகள் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போயின. ஆபீசில் கம்ப்யூட்டர்ப் பொத்தான்களை அவள் தட்டும் சத்தம் கேட்டு, ஓட்டின் மேல் ஆலங்கட்டி விழுகிறதென்று வேலாமணி கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடியதுண்டு. சாயந்தரங்களில் வேலிக்கு அப்பால் ஒரு காட்டெருமை வந்து நின்று கேட்கும். சரியாக வாசித்தால் புல்லை மெல்லும். தாளம் தப்பினால் மூக்கால் சீறும். அதைவிட நேர்மையான வாத்தியார் நீலகிரியில் கிடைக்கமாட்டார்.

முதலில் கற்றது, டிரம்முக்காரனின் கால் விழுகிற இடத்தில் தன் விரலும் விழ வேண்டும் என்பது. அடுத்துக் கற்றது, விரல் விழாமல் இருக்க வேண்டிய இடம். அதற்குத்தான் வெகுநாள் பிடித்தது. பிறகு அவளாகவே ஒன்று செய்தாள். பாட்டின் மூன்றாம் சரணத்துக்கு முன்னால், ராகம் மேலே நிற்கும்போது, பேஸ் மட்டும் நாலு சுரம் படியிறங்கி வருகிற மாதிரி. ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி தயங்கி இறங்க வேண்டும். அப்பா அப்படித்தான் பாடுவார். முழங்கால் வலிக்காரர் படியிறங்குவது போல. முதல் தடவை அதை ஒத்திகையில் வாசித்தபோது டிரம்ஸ் வாசிக்கிற ஜஸ்டஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

ஈஸ்டரிலிருந்து வாரம் தவறாமல் மேடையில் நின்றாள். காலடியில் ஒரு சிறு ஸ்பீக்கர். அவள் வாசிப்பது அதில் அவளுக்குக் கேட்கும். மக்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும் பெரிய ஸ்பீக்கர்களில் என்ன வருகிறதென்று மேடையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் யாராவது ஓர் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். "அந்த இறங்கி வர்ற இடம் இருக்குதே, வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது கண்ணு." ஜூடித் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை சாப்பாடு இல்லாமலே இருந்துவிடுவாள். தொண்டையிலிருந்த மீன்முள் இறங்கிவிட்டதென்றே நினைத்தாள்.

அறுப்பின் பண்டிகை வந்தது. கேத்திக் கேரட்டும் முட்டைக்கோசும் எமரால்டு உருளைக்கிழங்கும் ஆலயத்தில் குவிந்து, ஆராதனைக்குப் பிறகு ஏலம் போகிற நாள். ஜூடித் வந்த பஸ் வளைவில் நின்றுவிட்டது. நடுரோட்டில் ஒரு காட்டெருமை. அவளிடம் பாட்டுக் கேட்ட அதேதானா என்று தெரியாது. ஆனால் அதன் முகத்தில் இன்றைக்குப் போகாதே என்று சொல்கிற தோரணை இருந்ததாக அவள் பிற்பாடு சொன்னாள். பிராங்ளினுக்குப் போன் போட்டாள்.

"மெதுவா வாங்க ஆன்ட்டி, ஒண்ணும் அவசரமில்ல. நாங்க பாத்துக்கறோம்."

கடைசி வளைவில் இறங்கி, கிடாரை முதுகில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஏறினாள். ஆலய வாசலில் முட்டைக்கோசுக் குவியலுக்குப் பக்கத்தில் வந்தபோது உள்ளே இரண்டாம் சரணம் முடிந்தது. மூன்றாம் சரணத்துக்கு முன்னால், வெளி ஸ்பீக்கரில், பேஸ் நாலு படி இறங்கியது.

அவளுடைய நாலு படி. அவளுடைய தக்காளிக் கிடாரின் செருமல். கிடார் அவள் முதுகில் இருந்தது.

எட்டிப் பார்த்தாள். மேடையில் அவள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. பிராங்ளினின் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் திறந்திருந்தது. இன்னொன்றையும் அவள் காது பிடித்துக்கொண்டது. நாலு படியிலும் தயக்கம் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இறங்கியது. அப்பாவின் முழங்கால் வலியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆராதனை முடியும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு, பிராங்ளினைப் பிடித்தாள். அவனுக்குக் கூச்சமே இல்லை.

"நீங்க வாசிச்சதுதானுங்க ஆன்ட்டி. ஒத்திகையில ரெக்கார்ட் பண்ணி, தாளம் பின்னால இழுத்த இடத்தைக் கொஞ்சம் நேராக்கினோம். அவ்வளவுதான்."

"அப்ப நான் வாராவாரம் வாசிச்சது?"

"உங்க ஸ்பீக்கர்ல உங்களுக்குக் கேக்குமுங்களே."

"மத்தவங்களுக்கு?"

பிராங்ளின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினான். "வெளியில வர்றது லேப்டாப்புலருந்து."

"எப்பருந்து?"

"ஈஸ்டர்லருந்துங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல. எல்லாரும் உங்களைத்தான் பாராட்டறாங்க, அப்புறம் என்னங்க?"

ஜஸ்டஸ் தன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

ஜூடித் கிடாரை முதுகிலிருந்து இறக்கினாள். நேரே ஏல மேசைக்குப் போய், ஒரு பூசணிக்காய்க்கும் கால் கட்டிய சேவலுக்கும் நடுவில் கிடாரை வைத்தாள். அது வேறு யாராவது ஒருத்தரின் வீட்டுக்காவது போய்ச் சத்தம் போடட்டும் என்று நினைத்தாள். தன் கையை விட்டுப் போனால் போதும்.

ஏலம் விடுகிற மனுவேல் அண்ணன் சபையின் மூப்பர், வாய் ஜாலக்காரர். அழுகின உருளைக்கிழங்கைக்கூட ஆசீர்வாதம் என்று சொல்லி விற்றுவிடுவார். கிடாரைத் தூக்கிக் காட்டினார். "ஜூடித் தங்கச்சி தன்னோட உயிரையே காணிக்கையாக் குடுத்துருக்குது. யாரு கேக்கறீங்க?"

யாரும் கேட்கவில்லை. சேவலுக்குப் போட்டி இருந்தது, பூசணிக்காய்க்குப் போட்டி இருந்தது. கடைசியில் பிராங்ளின் கையைத் தூக்கினான். எதிர்த்துக் கேட்க ஆளில்லாமல் ஏலம் முடிந்தது. அவன் மேடையேறி, மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "இதை நான் திரும்பவும் ஆலயத்துக்கே காணிக்கையாக் குடுக்கறேன். ஜூடித் ஆன்ட்டியே வாராவாரம் வாசிக்கோணும்னு சபையின் சார்பாக் கேட்டுக்கறேன்." இடியே விழுந்த மாதிரி கைதட்டல். மைக் ஜூடித்தின் கைக்கு வந்தது.

அந்த ஆலயத்தில் அவள் குரல் முதல்முறையாக, உயிருள்ள ஸ்பீக்கரில் வந்தது. "நான் வாசிக்கறது உங்க யாருக்கும் கேக்கறதே இல்லீங்க. ஈஸ்டர்லருந்து லேப்டாப்புதான் வாசிக்குது. என்ற ஒயரு பெரிய ஸ்பீக்கருக்குப் போகலீங்க."

நடு வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தாள். "என்ன கண்ணு சொல்ற? நாங்க எங்க காதால வாராவாரம் கேக்கறமே!"

"அந்த இறங்கி வர்ற இடம்! அதை வேற யாரு வாசிப்பாங்க?" என்றார் இன்னொருவர்.

மனுவேல் அண்ணன் மைக்கை நாசூக்காக வாங்கிக்கொண்டார். "பாருங்க, இதுதான் தாழ்மை! இன்னொரு தடவை கைதட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சேவலைத் தூக்கினார்.

அடுத்த ஞாயிறு போகாமலிருந்துவிடலாமா என்று வாரம் முழுக்க யோசித்தாள். போகாவிட்டாலும் நாலு படி இறங்கத்தான் போகிறது. கேட்கிறவர்களுக்குக் குறை எதுவும் தெரியப்போவதில்லை. அது தெரிந்தபின், வீட்டிலும் உட்கார முடியவில்லை.

போனாள். ஆலயத்துக்குச் சொந்தமான தக்காளிக் கிடாரை மாட்டிக்கொண்டு முன் வரிசையில் தன் இடத்தில் நின்றாள். காலடி ஸ்பீக்கரின் ஒயரைத் தானே பிடுங்கிவிட்டாள். அன்றைக்குக் குளிர் அதிகம். இடது கையைக் கிடாரின் கழுத்தில் சும்மா வைத்துக்கொண்டு, வலது கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள். ஜஸ்டஸ் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தாளத்தை எண்ணத் தொடங்கினான். இரண்டாம் சரணம் முடிந்தது. சபை தலையாட்டிக் காத்திருந்தது. நாலு படியும், கொஞ்சமும் பிந்தாமல், சரியான இடத்தில் இறங்கின.

முடிந்ததும் அந்த நடு வரிசை அம்மா வந்து, பைக்குள் கதகதப்பாக இருந்த வலது கையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா வாரத்தையும் விட இன்னைக்குத்தான் நல்லாருந்துச்சு கண்ணு."

"நன்றிங்க" என்றாள் ஜூடித். வாய் அசைந்தது. சத்தம் வந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.