அண்ணி சைக்கிளைத் துவைத்த கதை

என் அண்ணியைத் தெருவில் எல்லாரும் கீச்சு என்றுதான் சொல்வார்கள். குரலால் வந்த பேர் இல்லை, சைக்கிளால் வந்தது. அண்ணி தெருமுனையில் திரும்பும்போதே செயின் கீச் கீச்சென்று கத்தும். அதைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு அக்கா அடுப்பிலிருந்து பாலை இறக்குவாள்.

அண்ணிக்குச் சலவைக்கடையில் வேலை. எதைப் பார்த்தாலும் கை துவைக்கப் போய்விடும். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணனுடைய குடையைத் துவைத்துக் கஞ்சி போட்டுவிட்டார். விரித்துக் காயவைத்த அந்தக் குடை அப்புறம் மடங்கவே இல்லை. அண்ணன் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

நாற்பது வயதுக்கு மேல் விழுந்து எழுந்து சைக்கிள் பழகி, பழைய வண்டி ஒன்றை வாங்கினார். விடுவாரா? தினமும் சாயங்காலம் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். ஈரம் சொட்டச் சொட்டப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வாசலில் நிறுத்துவார். பனி படக்கூடாதாம். செயின் துருப்பிடிக்காமல் என்ன செய்யும், பாவம்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனைக்கு வெள்ளை விரிப்பு கொண்டுபோகும் வேலை வந்தது. அதுவரை ஒரு வேன்காரர் கொண்டுபோனார். முதலாளியம்மா அண்ணியிடம், "ஒரு வாரம் நீ போ, பாக்கறேன். ஒருநாள் லேட்டானாலும், விரிப்புல ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் மறுபடி வேன்தான்" என்றார்.

"காத்து வாங்கிக்கிட்டே பாக்கற வேலைடி" என்றார் அண்ணி என்னிடம். "இத்தனை வருஷமா இஸ்திரிப் புகையில வெந்தாச்சு. இது மட்டும் கெடைக்கட்டும், உன்னைப் பின்னாடி ஒக்கார வச்சு ஊரைச் சுத்தறேன்."

கடைசி நாளுக்கு முந்தின நாள் வரை எப்படியோ போய்விட்டது. அன்றைக்குச் செயின் வழியில் கழன்று, மாட்டி, மறுபடி கழன்று, அண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது கடவுள் புண்ணியம். அன்று சாயங்காலமே சைக்கிள் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் செயினைத் தொட்டுப் பார்த்தார். விரல் செம்மண்ணாகிவிட்டது.

"ஏங்க்கா, இதைக் கெணத்துலருந்து எடுத்தீங்களா?"

"தினமும் குளிப்பாட்டறேங்க" என்றார் அண்ணி பெருமையாக.

அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "இனிமே நீங்க மட்டும் குளிங்க, போதும்" என்றார்.

மண்ணெண்ணெயில் பிரஷைத் தோய்த்துத் துருவையும் அழுக்கையும் தேய்த்து எடுத்தார். துணியால் துடைத்துக் காயவிட்டார். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். கொஞ்சம் பொறுத்து, வேறு துணியால் எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இப்பத்தான ஊத்துனீங்க, அதுக்குள்ள தொடைக்கறீங்க?"

"உள்ள போனது உள்ள இருக்கும். வெளிய நிக்கறது மண்ணைப் பிடிக்கும், உங்க வெள்ளைத் துணியையும் பிடிக்கும்."

அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள ஈரமில்லாத எடத்துல வைங்க. போர்த்தவே போர்த்தாதீங்க. உள்ளுக்குள்ள வேர்த்து மறுபடி துருவேறும்."

வீட்டில் ஈரமில்லாத இடம் ஒன்றுதான், அண்ணன் படுக்கும் கட்டிலுக்கு மேலே. பழைய ஊஞ்சல் கொக்கி இரண்டு அங்கே சும்மா இருந்தன. அண்ணி சைக்கிளை அதில் மாட்டினார்.

"நான் எங்க படுக்கறது?" என்றார் அண்ணன்.

"எப்பவும்போல கீழதான். எண்ணெய் சொட்டாதுங்க, தொடைச்சாச்சு."

"விழுந்தா?"

"அதெல்லாம் சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகாது. செயினுக்குக் கவர் இருக்கு."

காலையில் விரிப்பு மூட்டையை மடியில் அணைத்துக்கொண்டு நான் கேரியரில் உட்கார்ந்தேன். அண்ணி மிதித்தார். சத்தமே இல்லை. சைக்கிள் வெண்ணெய்மேல் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அவர் குலுங்க, சைக்கிள் குலுங்க, நானும் குலுங்கினேன். பின்னால் எதிர்வீட்டு அக்கா, "ஐயையோ, பாலு" என்று கத்துவது கேட்டது.

மருத்துவமனைக்கு வந்தால், வாசற்கதவு சாத்தியிருக்கிறது. தினமும் கீச்சென்ற சத்தம் கேட்டுத்தான் காவல்காரர் எழுந்து வந்து திறப்பார். இன்றைக்கு அவருக்கு எப்படித் தெரியும்? சைக்கிளில் மணியும் கிடையாது. செயின் அந்தப் போடு போடும்போது மணி எதற்கு என்று இருந்துவிட்டோம். கதவைத் தட்டினோம், அவருடைய ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. உள்ளே நர்ஸம்மா கட்டில் கட்டிலாக விரிப்பு போடும் நேரம். நான் மனசுக்குள் கும்பிட்டேன். கடவுளுக்குக் கேட்டிருக்கும், காவல்காரருக்குக் கேட்கவில்லை.

அண்ணி கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"கீச். கீச். கீச்."

நானும் சேர்ந்துகொண்டேன். இரண்டு பொம்பளைகள், நட்ட நடுத்தெருவில்.

ரேடியோ நின்றது. தாழ்ப்பாள் விலகியது. "வாங்கம்மா, இன்னைக்கு என்ன சைக்கிளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டபடியே திறந்தார்.

நர்ஸம்மா ஒவ்வொரு விரிப்பாக உதறி, புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டுக் கறை இல்லை. "முதலாளியம்மாட்ட நான் சொல்லிடறேன். நாளைக்கும் நீங்களே வாங்க" என்றார்.

திரும்பும் வழி இறக்கம். அண்ணி பெடலிலிருந்து இரண்டு காலையும் எடுத்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு தெய்வத்தைக் கூப்பிட, அண்ணி இறக்கம் முடிகிற வரைக்கும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டே வந்தார்.