ரோசேர் வாங்காத ரூட்

ரோசேர் பெல்கி எங்கள் ஆற்றோரச் சாலைகளில் பதினேழு வருடம் பார்சல் வேன் ஓட்டினார். வேன் அவருடையது அல்ல, ரூட்டும், அதாவது அந்தச் சாலைகளில் பார்சல் கொடுக்கும் உரிமையும், அவருடையது அல்ல. இரண்டும் லயனல் துபேயுடையவை. ரோசேர் அவரிடம் வாரச் சம்பளத்துக்கு இருந்தார். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் இந்த வடகோடியில் பார்சல் கம்பெனி தருவது தன் பெயரை மட்டும்தான். வேன், பெட்ரோல், ஓட்டுநர், விபத்து எல்லாம் ரூட்டை வாங்கியவர் பாடு. அந்த ரூட்டை நிலம் மாதிரி விற்கலாம், வாங்கலாம். போன வருடத்துக்கு முந்தைய வருடம் அக்டோபரில் நானும் என் கணவன் கேரியும் அதை வாங்கினோம்.

மர ஆலையில் கேரிக்கு வேலை போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று, "இனிமே எவனும் என்னைப் பாத்து வீட்டுக்குப் போடான்னு சொல்ல முடியாது, க்ளோடெட்" என்றான்.

ரோசேர் எங்களிடமே ஓட்டுவதாக ஏற்பாடு. அவர் வராத நாளில் நான் ஓட்ட வேண்டும். அதனால் மூன்று வாரம் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி படித்தேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதியம் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியைப் பாதி பிய்த்து என்னிடம் நீட்டுவார்.

"அந்த நாயைப் பாக்காதீங்க. பாத்தா குலைக்கும். கண்டுக்கலைன்னா வெக்கப்பட்டுப் போயிடும்."

"இந்த வீட்டுல படிக்குக் கீழ எதையும் வெச்சிடாதீங்க. பனி விழுந்தா ஏப்ரல்லதான் கையில கிடைக்கும்."

"இவருக்கு வர்றது இன்சுலின். கதவு திறக்கிறவரைக்கும் தட்டுங்க. காது மந்தம். திட்டுவாரு, சிரிச்சுக்கிட்டே நில்லுங்க."

ஒன்றையும் மறைக்கவில்லை. குறுக்குப் பாதை, சேற்றில் சக்கரம் புதையும் இடம், உருளைக்கிழங்கு லாரிகள் மறிக்கும் நேரம், எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

பயிற்சி முடிய இரண்டு நாள் இருந்தது. வெர்னா மிஷோவின் பண்ணை வீட்டுக்குப் போனோம். எண்பத்திரண்டு வயதுக் கிழவி. வேன் சத்தம் கேட்டதுமே மூடிய தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"டேய் ரோசேர்! முதலாளி ஆயிட்டே, ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? கோடையெல்லாம் என் ரூட்டு, என் ரூட்டுன்னு உயிரை வாங்கினியே! இந்தா, ஆப்பிள் கேக். யாரிது, அதுக்குள்ள ஆள் வேற வெச்சுட்டியா?"

ரோசேர் தொப்பியைக் கழற்றினார். காது நுனி வரை சிவந்துவிட்டது.

"இல்லைம்மா. வாங்கினது இவங்க. க்ளோடெட். நல்லவங்க."

தட்டை வாங்கி என் கையில் கொடுத்தார். வெர்னா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பார்சலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேனில் ஏறியதும், "என்ன இது, ரோசேர்?" என்றேன்.

"விடுங்க."

"நான் கேக்கிறேன்ல."

வேனைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டே சொன்னார். "விக்கிறப்போ உனக்குத்தான்னு லயனல் கை குடுத்தாரு. ஆறு வருஷம் முன்னாடி. அதை நம்பி அப்பா விட்டுட்டுப் போன நிலத்தைக்கூட வித்தேன். நீங்க கொஞ்சம் கூடக் குடுத்தீங்க. அவ்வளவுதான்."

"அவர் உங்ககிட்ட சொல்லலியா?"

"கையெழுத்தான மறுநாள் சொன்னாரு. போன்ல."

அன்று மாலையே லயனல் வீட்டுக்குப் போனேன். "எழுதியா குடுத்தேன்?" என்று கேட்டார்.

கேரியிடம் சொன்னேன். "பாவம்தான். அதுக்காகத் திருப்பிக் குடுத்துட்டு நாம எங்க போறது? சம்பளத்தைக் கூட்டலாம்" என்றான். நான் மறுத்துப் பேசவில்லை. அதுவும் நான் போட்ட இன்னொரு கையெழுத்து மாதிரிதான். சம்பளத்தைக் கூட்டினோம். "எதுக்கு?" என்று மட்டும் கேட்டார் ரோசேர்.

கிறிஸ்துமஸ் நெரிசலில் ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. ஜனவரியில் எங்கள் வேன் இன்ஜின் உடைந்தது. ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் ரூட்டைப் பறிப்பதாகக் கம்பெனி ஓலை அனுப்பும். கேரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். ரோசேர் வந்து, "என் வீட்டுக் கொட்டகையில ஒண்ணு நிக்குது" என்றார்.

தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். வெள்ளை வேன். ரூட் தனக்கு வரும் என்று முந்தைய வசந்தத்திலேயே வாங்கி, உள்ளே பார்சல் அடுக்கும் பலகைகளைத் தன் கையால் அறைந்திருந்தார். சக்கரத்தில் மண் ஒட்டியிருக்கவில்லை. வாங்கின விலைக்கே கொடுத்தார். கதவில் எங்கள் பெயரை ஒட்டும்போது, கோணாமல் இருக்க ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார்.

அந்த வேனை மூன்று மாதம், எங்கள் ஆளாக ஓட்டினார். ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வேனைக் கழுவி எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார். சாவி இருக்கையில் கிடந்தது. தெற்கே கனெக்டிகட்டில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், அங்கே கிடங்கில் பெட்டி அடுக்குவதாகவும் பிறகு கேள்விப்பட்டோம்.

இப்போது நான்தான் தினமும் ஓட்டுகிறேன். முதல் வருடம் முழுக்கக் கதவைத் திறந்தவர்கள் என் தோளுக்குப் பின்னால் ரோசேரைத் தேடினார்கள்.

போன ஆகஸ்டில் வெர்னா இறந்தாள். அடக்கத்துக்கு ரோசேர் வந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. தேவாலய வாசலில் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு விடவில்லை. கடைசியில் என் பக்கம் வந்தார்.

"நல்லா ஓட்டுறீங்களாம். எல்லாரும் சொன்னாங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

"பாலத்துக்கிட்ட ரோடு ரொம்ப மோசம்" என்றேன்.

"ஆமா, வர்றப்போ பாத்தேன்" என்றார் ரோசேர். தொப்பியைத் தொட்டுவிட்டுத் தன் காரைப் பார்த்து நடந்தார்.