எலி ருசி பார்த்த தோணி

பழைய படங்களை வெட்டி ஒட்டி வாழ்த்து அட்டையும் நினைவு ஆல்பமும் செய்கிறவர்களுக்கு, இருட்டிய பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் பிள்ளை ஞாபகம் வரும். அடுத்து காகிதப் பெட்டி ஞாபகம் வரும். எனக்குக் கேட்டது 'கர்ர்... கர்ர்...' என்று, யாரோ இரும்பை அரத்தால் ராவுவதுபோல. சத்தம் பின்வாசல் பக்கம். மில்லர்புரத்தில் எங்கள் பின்கதவுத் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகி, போட முடியாமல் மாதக்கணக்காகிறது. காலி கேஸ் சிலிண்டரை முட்டுக்கொடுத்துத்தான் படுப்பேன். வீட்டுக்காரர் கப்பலில். மகளை அணைத்துக்கொண்டு, கான்வென்டில் படித்த செபங்களையெல்லாம் வரிசை தப்பிச் சொன்னேனே தவிர, எழுந்து பார்க்கவில்லை. கோந்துக் கையோடு பிள்ளை தூக்கும் சகோதரிகளே, நீங்களாவது போய்ப் பார்த்திருப்பீர்களா? அது என்ன சத்தம் என்று சொல்வதற்குள், இந்தத் தொழிலில் பட்ட வேறு பாடுகளையும் சொல்லிவிடுகிறேன்.

முடியாத செபமாலை

இப்போது வருகிறவர்கள் படத்தோடுதான் வருகிறார்கள். போனில் நாலு வார்த்தை தட்டினால் ஏஐ 'பழைய படம்' வரைந்து தந்துவிடுகிறது. பழுப்பு நிறம், ஓரத்தில் காப்பிக் கறை, எல்லாம் தயார்.

மகன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைச் சடங்குக்கு அட்டை கேட்டு வந்த பக்கத்துத் தெரு அக்கா, அப்படி ஒரு மாதா படத்தைக் காட்டினார். நான் பழைய செபப் புத்தகம் ஒன்றுக்குள் கிடைத்த அசல் மாதாவை எடுத்து வைத்தேன். அச்சு விலகி, உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறியிருந்தது. அக்கா முகம் சுளித்தார். பிறகு ஏஐ மாதாவின் கையிலிருந்த செபமாலையை விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். மணிகள் விரலைச் சுற்றி, மணிக்கட்டைச் சுற்றி, சட்டைக் கைக்குள் போய் மறுபடி வெளியே வந்தன. சிலுவையைக் காணவே காணோம். எண்ணுவதை விட்டுவிட்டுச் சொன்னார்: "இதச் சொல்லி முடிக்கதுக்குள்ள எம்மவன் சாமியாராவே ஆயிருவாம்ளா. நீ ஒன் பழசையே ஒட்டு."

தாத்தாவின் கடை

ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், புதுக் கடை திறப்பு அழைப்பிதழுக்குப் படம் கொண்டுவந்தார். ஓட்டுக் கூரை, கல்லாவில் மீசைக்காரர், பின்னால் கருப்பட்டிச் சிப்பங்கள். "எங்க தாத்தா கடை" என்றார். மீசையைப் பார்த்தால் நாடகத்து ராஜா மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, அசல் போட்டோவக் குடுங்க, ஸ்கேன் பண்ணிக்கிடுதேன்."

"அசலுக்கு எங்கனம்மா போக? எம்மவன் போன்ல செஞ்சதுல்லா இது!"

பொய்ப் பழசை நான் ஒட்டுவதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே பேசினேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. படத்திலிருந்த கல்லாவைத் தூசி துடைப்பதுபோல விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குமேல் மறுக்க மனம் வரவில்லை. அடியில் 'கற்பனைப் படம்' என்று சின்ன எழுத்தில் போடுவதாகப் பேசி, ஒட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "தலைச்சுமையா கருப்பட்டி வித்த மனுசம்மா. உயிரோட இருக்கையில ஒரு கடை வைக்க முடியல. படத்துலயாவது ஒக்காரட்டுமே."

தங்கத் தோணி

புன்னைக்காயல் லூர்து அக்காவின் அப்பா, கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன பாய்த்தோணியில் தண்டல். அதாவது தோணியை நடத்துகிறவர். அவர் பிறந்தநாளுக்கு அக்கா நினைவு ஆல்பம் கேட்டார். குடும்பப் போட்டோக்கள் இருந்தன, தோணிப் படம் ஒன்றுகூட இல்லை. என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பழைய பேப்பர் கட்டு ஒன்றில் கிடைத்த, ஏதோ வெங்காயக் கமிஷன் கடையின் காலண்டர் படம். மங்கிய நீலம், நடுவில் மடித்த கோடு. அப்படி இன்னொன்று எங்கே தேட?

அக்காவின் தம்பி ஏஐ தோணி அனுப்பியிருந்தான். தங்கப் பாய், ரத்தச் சிவப்பு வானம், துள்ளும் டால்பின்கள். அக்காவுக்கு மனசு அதில்தான். "ரெண்டையும் ரெடி பண்ணி வையி. அப்பாவையே கூட்டிட்டு வாரேன், அவரு பாத்துச் சொல்லட்டும். ஆனாலும் ஒன் படம் தண்ணியில ஊறுன அப்பளம் மாதிரில்ல இருக்கு!"

துத்தம் போடாத பசை

காலண்டர் தாள் தொட்டால் பொடிகிற நிலை. பின்னால் துணி ஒட்ட வேண்டும். அதற்கு மைதாப் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் சேர்த்தால்தான் பூச்சியும் எலியும் அண்டாது. ஆனால் துத்தம் விஷம். என் மகளோ கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயசு. பயந்துகொண்டு வெறும் மைதாவில் காய்ச்சினேன். ஒட்டி, காற்றில் காயட்டும் என்று பின்கதவோரம் பலகையில் வைத்தேன். பக்கத்தில் ஏஐ தோணியின் பிரின்ட். ஒட்டுமுன் ஸ்கேன் எடுக்கத்தான் நினைத்தேன், அதற்குள் பிள்ளை அழுதது. உங்களுக்குத் தெரியாததா?

அந்தச் சத்தம் அன்று ராத்திரிதான் கேட்டது. விடிந்து பார்த்தால், பூட்டாத கதவின் இடுக்கு வழியாக வந்த எலி, என் படத்தில் தோணிக்குக் கீழே வரைந்திருந்த நீலக் கடலில் பாதியைத் தின்றிருந்தது. தங்கத் தோணியில் ஒரு பல் தடம்கூட இல்லை. அக்காவும் அப்பாவும் வரப்போவது அன்றைக்குத்தான். வாக்குக் கொடுத்த படம் போயிற்றே என்று வீட்டுக்காரருக்கு வீடியோவில் காட்டி அழுதேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லவேள, நீயும் பிள்ளையும் மைதா தடவிட்டுப் படுக்கல."

தண்டல் தீர்ப்பு

அக்காவின் அப்பா சூசை பாட்டையா நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லி இரண்டையும் முன்னால் வைத்தேன். தங்கத் தோணியைப் பார்த்தார். "இது தோணியா, கலியாண மண்டபமா?" பிறகு என் தோணியை எடுத்து, கடிபட்ட ஓரத்தை நகத்தால் நெருடினார். திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தார்.

"எலி இல்லாத தோணியில நான் போனதே இல்லளா. மூட்டையக் கடிக்கும், பாயக் கடிக்கும், படுத்தா காலக் கடிக்கும். வெட்டிச் சரிபண்ணிராத, அப்படியே ஒட்டு."

"எப்பா, எலி தின்னதையா ஆல்பத்துல வைக்க?" என்றார் லூர்து அக்கா.

அவர் காதில் வாங்கவில்லை. எலி வந்த வழியைக் கேட்டு, பின்வாசலுக்கு நடந்து, சிலிண்டரையும் தாழ்ப்பாளையும் மாறி மாறிப் பார்த்தார். "கப்பல்காரன் பொண்டாட்டி கதவுக்குச் சிலிண்டரா முட்டுக் குடுப்பா? எண்ணெயக் கொண்டா!"

தேங்காய் எண்ணெய் குடித்துக் குடித்துத் தாழ்ப்பாள் அசைந்தது. அன்றிரவு பிள்ளை தூங்கியபின், கடிபட்ட தோணியை அப்படியே ஆல்பத்தில் ஒட்டினேன். எது அசல் என்று எங்கள் வீட்டு எலிக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அது இனி வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாமென்று பின்கதவை உள்ளேயிருந்து தாழ் போட்டேன்.