மூன்று எவர்சில்வர் டம்ளர்கள்

எழுபதுகளின் கடைசியில், சிமெண்டு ஆலையில் வேலை நிரந்தரமானபோது அப்பா எங்களுக்குத் துணிமணி வாங்கித் தரவில்லை. ஓட்டலில் சாப்பாடு வாங்கித் தருவதாகச் சொன்னார். எங்கள் தெருவில் அதுவரை யாரும் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறச் சாப்பிட்டதில்லை. ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கு டம்ளரே வேறு. கூரைக் கீற்றில் செருகியிருக்கும். எடுத்து, நின்றபடி குடித்து, நாங்களே கழுவிப் பழையபடி செருகிவிட வேண்டும். அப்பாவுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் அதுதான் பழக்கம்.

அதனால் எங்களைத் தெரிந்தவர் யாருமில்லாத ஓட்டலாகப் பார்த்தார். அரியலூருக்கு வெளியே, ரெட்டிபாளையம் போகிற சாலையில், ஒருவர் தன் வீட்டின் முன்பகுதியையே ஓட்டலாக்கியிருந்தார். அப்பா அதை பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி, உள்ளே போனதில்லை. ஆனால் அவர் எங்களுக்குப் பாடம் எடுத்ததைக் கேட்டால், அந்த ஓட்டலிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று தோன்றும்.

“சோறுன்னு கேக்காத, சாதம்னு கேளு. குனிஞ்சுக்கிட்டே திங்காத. ஊரைக் கேட்டா ஆலை குவார்ட்டர்ஸுன்னு சொல்லணும்.”

“நான் வாயே தொறக்கல, போதுமா” என்றாள் அம்மா.

கல்லாவில் இருந்த முதலாளி எங்களைப் பார்த்ததும், “வாங்க சார், ஃபேனுக்குக் கீழ உக்காருங்க” என்றார். அப்பாவை ஒருவர் சார் என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “பாப்பாவுக்கு இன்னொரு அப்பளம் போடுங்க” என்று தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொன்னார். அம்மா மட்டும் யாரோ வந்து எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல அவசர அவசரமாக விழுங்கினாள். கடைசியில் மூவருக்கும் காப்பி வந்தது.

குடித்து முடித்ததும் அப்பா எழுந்தார். மூன்று டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு கை கழுவும் தொட்டிக்குப் போய், ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, சுவரோரமாகக் கவிழ்த்து வைத்தார். எங்களுக்கு அத்தனை சொல்லிக் கொடுத்தவர், தன் கைக்குச் சொல்ல மறந்துவிட்டார். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி கல்லாவை விட்டு இறங்கி வந்தார்.

“எந்த ஊரு நீ?”

“ஆலை குவார்ட்டர்ஸுங்க.”

“அது இருக்குற எடம். நான் ஊரக் கேட்டேன்.”

அப்பா ஊரைச் சொன்னார். “ஊர்ல எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி வந்தது. அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். முதலாளிக்கு அதுவே போதுமாயிருந்தது.

“கழுவுனத நீயே எடுத்துட்டுப் போயிடு. இனிமே வந்தா பின்பக்கமா வா, பொட்டலம் கட்டித் தரேன்.”

“சரிங்க” என்றார் அப்பா.

இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்த ஆள் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பக்கத்து மேசைக்கு மோர் ஊற்றச் சொல்கிற அதே குரலில் சொன்னார். அவர் தனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்டதுபோல அப்பாவும் தலையாட்டினார்.

அன்று எனக்கு ஒன்றும் எரியவில்லை. புது டம்ளர் மூன்று இனாமாகக் கிடைத்திருக்கிறதே என்று பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஏரிக்கரையில் நடந்து வரும்போது, “அந்த எழவத் தண்ணியில வீசுங்க” என்றாள் அம்மா. நான் தரையில் புரண்டு அழுதேன்.

“வுடு, வச்சுக்கட்டும்” என்றார் அப்பா.

ஊருக்கு வந்ததும் தெரு முழுக்க அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அப்பாவின் மரியாதைக்கு ஓட்டல்காரர் கொடுத்தது என்று பீற்றிக்கொண்டேன். பெண்கள் டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு, என் கையிலேயே திணித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அவர்களுக்குப் பொறாமை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அப்பா வேலை முடிந்து, தலையெல்லாம் சிமெண்டுத் தூசியோடு வந்தார். புது டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், பிறகு ஒரே மூச்சில் குடித்தார். வீட்டிலும் குடித்த டம்ளரைத் தானே கழுவி வைக்கிற மனிதர், அன்று அதை அப்படியே தரையில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேலை நிரந்தரமானதும் அப்பாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று நான் அம்மாவிடம் போய்க் கோள் சொன்னேன்.