நிற்காத பச்சைப் பட்டன்

எங்கள் டீமில் ஸ்க்ரீன் வரைகிறவர்கள் மூன்று பேர். பார்க்கிறவர்கள் பதினொரு பேர். வயர்ஃப்ரேம் என்பது ஆப் கட்டுவதற்கு முன்னால் போடும் கோட்டுப் படம். அதை எல்லோரும் ஒரே ஃபைலில், ஒரே நேரத்தில் திருத்தலாம். ஒவ்வொருவருடைய கர்சரும் பெயரைச் சுமந்துகொண்டு திரையில் ஓடும். இதற்குப் பெயர் கொலாபரேஷன். ஒரே குழம்புக்குப் பதினொரு பேர் உப்புப் போட்டால் மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த மென்பொருள் வந்ததில் எங்கள் மேனேஜர் பிரகாஷ் சாருக்குத் தனிச் சந்தோஷம். முன்பு திருத்தம் சொல்ல மீட்டிங் போட வேண்டும். இப்போது பெங்களூர் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில், டாக்ஸியில் உட்கார்ந்தபடியே பட்டனை நகர்த்திவிடலாம். அங்கே அவர் நின்ற நேரத்துக்கு ஒரு முழு ஆப்பையே வரைந்திருக்கலாம். ஆனால் பட்டனை மட்டும்தான் நகர்த்துவார்.

அந்தச் சமயம் அபார்ட்மென்ட் செக்யூரிட்டிகளுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருந்தோம். யாராவது வந்தால் பச்சை ‘அனுமதி’ பட்டனைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு அபார்ட்மென்டில் டெஸ்ட் செய்ய ஒத்துக்கொண்டார்கள். ஃபைலை ஒரு போனில் திறந்து செக்யூரிட்டி முனுசாமி அண்ணனிடம் கொடுத்தேன். ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், பல வருடமாக அதே கேட்டில் நிற்கிறார். பக்கத்தில் அசோசியேஷன் செக்ரெட்டரி டேவிட் சார்.

“இவருக்கு இது வரலைன்னா வேற ஆள்தாம்மா பாக்கணும். ஏஜென்சில சொல்லி வச்சிருக்கேன்” என்றார். அண்ணன் காதில் விழும்படிதான் சொன்னார்.

அண்ணன் விரலைக் கொண்டுபோனார். பட்டன் இடது பக்கம் போய்விட்டது. இடது பக்கம் தட்டினார். அது மேலே ஏறிவிட்டது. மூன்றாவது முறை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தட்டினார். அதற்குள் அது கீழே இறங்கியிருந்தது.

என் லேப்டாப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. போனில் இருந்தது லைவ் ஃபைல். யார் கை வைத்தாலும் அந்த நொடியே போனிலும் மாறும். டெஸ்டுக்குத் தனி காப்பி எடுக்க மறந்தது நான். டெஸ்ட் நடப்பது பிரகாஷ் சாருக்குத் தெரியும். அதனால்தான் கடைசி நிமிஷத்தில் அழகுபடுத்திக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது கம்பெனியில் முதல் பாடம். நானும் நல்ல மாணவியாக, லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஃபைலைத் தொடாதீர்கள் என்று பிரகாஷ் சாருக்கு மெசேஜ் அனுப்பினேன். சரி என்று கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அண்ணன் நான்காவது முறை தட்டினார். பட்டன் நகர்ந்துவிட்டது.

அவர் போனை என்னிடம் நீட்டினார். “எனக்குத்தாம்மா கை நிக்க மாட்டேங்குது. வயசாயிடுச்சு இல்ல.”

டேவிட் சார் தன் போனில் ஏஜென்சி நம்பரைத் தேட ஆரம்பித்தார். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினேன்.

“தப்பு அண்ணன்கிட்ட இல்ல சார். எங்க மேனேஜர் பட்டனை நகத்திட்டிருக்காரு. நீங்களே பாருங்க.”

‘பிரகாஷ்’ என்று பெயர் போட்ட கர்சர் பச்சைப் பட்டனைப் பிடித்து வலது பக்கம் இழுத்தது. சற்று நின்று யோசித்தது. திரும்ப இடது பக்கமே கொண்டுபோய் வைத்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். டேவிட் சார் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “அவருக்கு இதாம்மா வேலை?”

ஃபைலுக்குத் தனி காப்பி எடுத்துப் போனில் போட்டுக் கொடுத்தேன். முதல் தட்டிலேயே ‘அனுமதி’ விழுந்தது. அண்ணன் வேலையும் தப்பியது. மறுநாள் பிரகாஷ் சார் எனக்கு டீம் ஸ்பிரிட் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டெஸ்டுக்குப் போகும் முன் காப்பி எடுங்கள். மறந்துவிட்டால் முதல் தட்டிலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் நான்கு தட்டு கழித்துத்தான் சொன்னேன். அவ்வளவு நேரமும் ஒரு மனிதர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.