நடு ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி

எங்கள் பக்கத்தில் யார் மாடு வாங்கப் போனாலும் என்னையும் கூட அழைத்துப் போவார்கள். நான் பேசுகிற ஆள் இல்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். ஆனால் எதையும் லேசில் நம்ப மாட்டேன், அதற்காகத்தான் அழைப்பார்கள். மடி பெருத்திருந்தால், எத்தனை வேளை கறக்காமல் கட்டி வைத்திருக்கிறான் என்று யோசிப்பேன். கொம்பில் எண்ணெய் பளபளத்தால், வயதை மறைக்கிறான் என்று நினைப்பேன். நமக்கு எந்த மாடு பிடித்திருக்கிறதோ அதன் பக்கம் திரும்பியே பார்க்கக் கூடாது. நம் தேவை விற்கிறவனுக்குத் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். ஹோம் தியேட்டர் பெட்டி வாங்கப் போனபோதும் இதையேதான் கொண்டு போனேன்.

முதலில் பழைய பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு இடது காது அறவே கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்துப் போனது. வலது காதும் இந்த ஐந்தாறு வருடமாக மங்கிக்கொண்டு வருகிறது. எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் புரிந்துகொள்வாள். டிவியில் பேச்சோடு மேளமும் பாட்டும் சேர்ந்து வந்தால் எல்லாம் ஒரே இரைச்சல். காதில் மாட்டுகிற மெஷினும் வாங்கிப் பார்த்தோம். தலைக்குள் வண்டு கத்துகிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள்.

வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பிய பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன் ஹோம் தியேட்டர் செட்டை எங்களுக்கு விற்றார். ஐந்து ஸ்பீக்கர், தரையில் வைக்க ஒரு பெரிய ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற கனமான பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிக்கு ரிசீவர் என்று பெயர். டிவியிலிருந்து அதற்கு ஓடுகிற ஒயரின் முனையில் சிவப்பாக வெளிச்சம் எரியும். வெளிச்சம் எப்படிச் சத்தமாக மாறும் என்று எனக்கு வெகுநாள் நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்த ஒயர் வழியாக வந்தால் ஆட்கள் பேசுவது மட்டும் நடு ஸ்பீக்கருக்குத் தனியாகப் போனது, மேளமும் பாட்டும் ஓரத்து ஸ்பீக்கர்களுக்குப் போயின. நடு ஸ்பீக்கரை அவள் வலது காதுப் பக்கம் ஒரு ஸ்டூலில் வைத்து, அதை மட்டும் கூட்டி வைத்தோம்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நானோ பேசாதவன், அவளுக்கோ கேட்காது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் சீரியல் பார்ப்போம். பிறகு அந்த மாமியார் செய்தது சரியா, அந்தத் தம்பி ஏன் அப்படிப் பேசினான் என்று சோறு தின்கிற வரைக்கும் பேசுவோம். எங்கள் வீட்டுப் பேச்சு என்பது அவ்வளவுதான்.

ஒரு நாள் கரன்ட் கூடியும் குறைந்தும் வந்ததில் பெட்டி புகைந்து நின்றுவிட்டது. சின்னசேலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். போவதற்கு முன்னால், ஆட்டுக்கு அடையாளம் போடுகிற சிவப்புப் பெயின்ட்டை எல்லாத் திருகாணி மேலும் ஒரு துளி வைத்தேன். எனக்குத் தெரியாமல் திறந்து சாமானை மாற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னாண்ணே, ஸ்க்ரூவுக்கெல்லாம் பொட்டு வச்சி கூட்டினு வந்துக்கிறீங்க? பொண்ணு பாக்கவா?"

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. அவன் என் கண் முன்னாலேயே திறந்து பார்த்துவிட்டு, "போர்டே போச்சுண்ணே. இதுக்கு சாமான் கெடைக்காது. வேணும்னா இங்கியே வச்சிட்டுப் போங்க, எடைக்கு எடுத்துக்கறேன்" என்றான். எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. செத்த மாட்டை வாங்க எவனாவது அவசரப்படுவானா? பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். இன்றைக்கும் அது பரணில்தான் இருக்கிறது.

பெட்டி இல்லாமல் என் மனைவி டிவியின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துப் பார்த்தாள். இரண்டாம் நாளே எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, "இன்னா, வூட்டுக்குள்ள சினிமா கொட்டாய் போட்டுக்கிறீங்களா? டிக்கெட் எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வேடிக்கைக்குத்தான் கேட்டாள். அன்றிலிருந்து இவள், "எனக்குத் தலவலி, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த நாளும் தலைவலி. ஒரு மாதம் தலைவலி. சோறு தின்னும்போது பேச ஒன்றும் இல்லை. இப்படியே போனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் குடியிருக்க வேண்டியதுதான் என்று எனக்குப் பயம் வந்தது.

மரவள்ளிக் கிழங்கு போட்டதில் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிந்தது. புதுசாகக் கம்பெனி ரிசீவர் வாங்க அது பாதிக்கும் காணாது. இருந்தாலும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. உள்ளே நுழைந்ததும் ஒருவர் என்னை "சார்" என்றார். என்னை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை, அதனால் கையைச் சட்டைப் பை மேல் வைத்துக்கொண்டேன். அவர் முழ நீளத்தில் ஒரு கட்டையைக் காட்டினார். சவுண்ட் பாராம். "அஞ்சு ஸ்பீக்கர் காலமெல்லாம் போயிடுச்சு சார், இப்ப இது ஒண்ணு போதும்" என்றார். பிறகு ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். என் காலடியில் தரை அதிர்ந்தது. பேச்சே இல்லாத பாட்டு. இவனுடைய சாமான் எதில் நன்றாகக் கேட்குமோ அதைத்தான் இவன் போடுவான். கறக்காமல் கட்டி வைத்த மடிதான் இது என்று நினைத்து வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப் பெட்டிகளைத் தானே செய்து விற்கிறார், பழசும் வாங்கி விற்கிறார். நுழைந்ததுமே எனக்கு வேண்டியது கண்ணில் பட்டுவிட்டது. மேல் தட்டில், எங்கள் பழைய பெட்டி போலவே ஒரு பழைய ரிசீவர். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாத்துக்குண்ணே வேணும்? பாட்டு கேக்கவா, படம் பாக்கவா?"

"சும்மா, வூட்டுக்குத்தான்" என்றேன்.

மனைவிக்குக் காது கேட்காது என்று சொல்லியிருக்க வேண்டும். கூச்சம் பாதி. சொன்னால் இவன் விலையை ஏற்றுவான் என்கிற எண்ணம் பாதி. அவர் தான் செய்த புதுப் பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். ஐந்து ஸ்பீக்கருக்கும் அதில் இடம் இருந்தது.

"டிரான்ஸ்பார்மர் காப்பரா, அலுமினியமா?" என்று கேட்டேன். கிணற்று மோட்டாருக்குச் செம்பு என்று நம்பி அலுமினியக் காயில் கட்டி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் மூடியைத் திறந்து காட்டினார். நம்பாமல் கத்தி வாங்கி ஒயர் நுனியைச் சுரண்டிப் பார்த்தேன். செம்புதான். பெட்டியைத் தூக்கி எடை பார்த்தேன். பாட்டில்லாமல் ஓடவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்து உறுமல் இருக்கிறதா என்று கேட்டேன். அரை மணி நேரம் பாட்டு ஓடவிட்டு மேலே கையை வைத்துச் சூடு பார்த்தேன்.

"பல்லப் புடிச்சிப் பாக்கறது ஒண்ணுதாண்ணே பாக்கி" என்றார் கடைக்காரர்.

எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பழைய ரிசீவரின் விலையைக் கடைசியில் போகிற போக்கில் கேட்கலாம் என்றிருந்தேன். ஆனால் நல்லது என்றால் ஏன் விற்றார்கள் என்று தோன்றியது. கேட்கவில்லை. புதுப் பெட்டியைக் கட்டச் சொன்னேன். "ஒரு வாரத்துக்குள்ள புடிக்கலன்னா பில்லோட எடுத்துனு வாங்க, மாத்திக்கலாம்" என்றார். எல்லாக் கடையிலும் இதைத்தான் சொல்வார்கள்.

வீட்டில் வைத்துப் பார்த்தபோது, சிவப்பு வெளிச்ச ஒயரைச் செருகப் பெட்டியில் துளையே இல்லை. பெட்டிக்குள்ளேயே கிடந்த சாதா ஒயரைச் செருகினேன். ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்தது. ஆனால் எல்லாவற்றிலும் எல்லாமும் வந்தன. நடு ஸ்பீக்கரில் மாமியாரும் பேசினாள், மேளமும் கூடவே அடித்தது.

"கேக்குதா?" என்றேன்.

"ம், நல்லாத்தான் கேக்குது" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சீரியலைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். டிவியில் பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுகிறவள் முதுகைக் காட்டி நின்றதும், இவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தால் சிரித்தாள். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். நன்றாகச் சிரிப்பு வருகிற ஒரு இடத்தில் சிரிக்காமல் இருந்தேன். அவளும் சிரிக்கவில்லை. பிறகு, ஒருத்தி சொத்துப் பத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நான் வேண்டுமென்றே சிரித்தேன். அவளும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.

மாட்டுக்கு வைக்கிற சோதனையை அவளுக்கு வைத்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தலை குனிகிறது. டிவியை நிறுத்திவிட்டு, அவள் வலது பக்கம் வந்து உட்கார்ந்தேன்.

"உனக்குக் கேக்கல."

"இன்னாத்துக்கு இப்ப அது? காசு குடுத்து வாங்கியாச்சி. பொம்மையப் பாத்துக்கினு இருந்தா போதும் எனக்கு."

"நாளைக்கு நீயும் கடைக்கு வா."

"எங்காது செவுடுன்னு கள்ளக்குறிச்சி வரைக்கும் தமுக்கு அடிக்கணுமா? நான் வரல."

மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் காலையில் அவளே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். ஏன் மனம் மாறினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மாற்றிக்கொள்வாள்.

பெட்டியோடு எங்களைப் பார்த்ததும் கடைக்காரரின் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். "வாங்கண்ணே, வாங்கக்கா" என்றார். பில்லை நீட்டினேன், அதை அவர் பார்க்கவே இல்லை. சொன்னேன்: "வூட்ல இவங்களுக்குக் காது கம்மி. பேச்சு மட்டும் தனியா கேக்கணும். அதுக்குத்தான் வாங்க வந்தது." அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடப் போங்கண்ணே" என்றார் அவர். "இத மொதல்லயே சொல்லக்கூடாதா? நீங்க இன்னா கேட்டீங்க? காப்பரா அலுமினியமான்னு கேட்டீங்க. காப்பர் குடுத்தேன்."

அவர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்று சின்னது, வாங்கியதைவிட விலை கம்மி. பேச்சுக்கென்று ஒரு பட்டன் உண்டு என்றார். இன்னொன்று மேல் தட்டில் இருந்த அதே பழைய ரிசீவர், விலை கொஞ்சம் ஜாஸ்தி. சின்னதை முதலில் டிவியோடு இணைத்தார். யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதுங்க, இதுவே போதும்" என்றாள் உடனே.

கம்மி விலையைச் சொன்னபோது அவள் அவர் வாயைப் பார்த்திருந்தாள் என்பதை நான் கவனித்திருந்தேன். தோளில் இருந்த துண்டை எடுத்தேன். கடைக்குள் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். டிவியின் மேல் துண்டைப் போட்டு, படம் தெரியாமல் மூடினேன்.

"இன்னாங்க இது? என்னியச் சந்தேகப்படறீங்களா?"

"ஆமா" என்றேன். "இப்ப இன்னா சொல்றாங்க, சொல்லு."

கடை முழுக்க எங்களைப் பார்த்தது. அவள் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு இறுகிவிட்டது. கடைக்காரர் சின்னப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய ரிசீவரை இணைத்தார். அதற்கு அந்தச் சிவப்பு வெளிச்ச ஒயர் சேர்ந்தது. நடு ஸ்பீக்கரைத் தூக்கி அவள் வலது பக்கம் வைத்தார். ரிமோட்டில் ஏதோ ஒரு சானலுக்கு மாற்றினார். துண்டை நான் எடுக்கவில்லை.

யாரோ ஒரு பெண் வேகமாகப் பேசினாள், பின்னால் ஏதோ இசை. நான் நின்ற இடத்தில், ஓரத்து ஸ்பீக்கர் பக்கம், எனக்கு இசைதான் கேட்டது. அந்த ரிசீவரின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பட்டன் எழுத்து அழியத் தேய்ந்திருந்தது. எத்தனை வருடம் ஓடித் தேய்ந்ததோ, எவன் எதற்காகத் தள்ளிவிட்டானோ, உள்ளே என்ன ஒட்டுப்போட்டிருக்கிறதோ? கேட்பதற்குக் கேள்விகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"ஐயோ" என்றாள் அவள்.

"இன்னா?"

"சாயங்காலம் இடியோட மழையாம். மலையடிவாரம் பூராவும்னு சொல்றா. ரோட்டுல காயப்போட்ட மக்காச்சோளம் அப்பிடியே கெடக்குதே! ஒரு தார்ப்பாய் கூட எடுத்து வெக்கல. கெளம்புங்க, கெளம்புங்க."

கடைக்காரர் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். வானிலை அறிக்கைதான். "எனக்கே சரியா காதுல வுழலக்கா" என்றார்.

மழை வரும் என்று காலையில் பஸ்ஸில் யாராவது சொல்லி இவளுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று ஒரு நொடி நினைத்தேன். பஸ்ஸில் யார் சொல்லியிருந்தாலும் இவளுக்குக் கேட்டிருக்காது. அதற்குள் அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றீங்களா, இன்னும் மோந்து பாத்துக்கினு நிக்கறீங்களா?" என்று கத்தினாள்.

"இதையே கட்டுங்க" என்றேன்.

பஸ் மெதுவாகத்தான் போனது. மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. வழியெல்லாம் அவள் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டு வந்தாள். இறங்கி ஓடிப் பாதிச் சோளத்தை வாரினோம், மீதி நனைந்தது. பெட்டியைத் தார்ப்பாய்க்கு அடியில், நனையாத சோளத்தின் மேல் வைத்துவிட்டு, அவள் அதன் பக்கத்திலேயே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.